எங்கூட்டுக்காரருக்கு ஒரு ஜெபம்

நான் வேதக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அல்லேலூயா அக்கா" என்று எனக்கு ஒரு பேர்கூட உண்டு. ஆனால் சபையில் போய்க் கேட்டால், "அந்த அக்கா இன்னும் முழுகலைங்க" என்பார்கள். ஆக இந்தப் பக்கத்துக்கும் நான் ஆள் இல்லை, அந்தப் பக்கத்துக்கும் ஆள் இல்லை. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பாயில் உட்கார்ந்து எழுந்து வருகிறேன். ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை.

எதற்குப் போனேன் என்று கேட்டால் ஒரே காரணம்தான். எங்கூட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பி அவர் பேரைச் சொல்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அவர் ரிக்கு வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. திருச்செங்கோட்டுப் பக்கம் அந்த வேலைக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. வடக்கே போனால் ஆறு மாசம், எட்டு மாசம் வரமாட்டார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வைகாசியில் போன் பண்ணினார். "இங்க சோறே எறங்கல புள்ள. வேலை போதும்னு சொல்லிட்டேன். ஆடி நோம்பிக்கு வந்துர்றேன், கறி எடுத்து வெய்யி" என்றார். "ஆடிக்கு ரெண்டு மாசம் கெடக்குது, இப்பவே எடுத்து வெச்சா நாறிப்போகும்" என்றேன். சிரித்தார். அதுதான் நான் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு. நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு வாய் அப்படி, என்ன செய்ய.

ஆடி வந்தது, போனது. போன் போகவில்லை. வண்டி மேனேஜரைக் கேட்டால், "அவனும் இன்னொருத்தனும் சேர்ந்து ரயிலேறிட்டாங்கம்மா, அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். அந்த இன்னொருத்தனும் ஊர் வந்து சேரவில்லை. ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்தேன். "புருஷன் பேரு என்ன?" என்று போலீஸ்காரர் கேட்டார். நான் பேனாவை வாங்கி எழுதிக் காட்டினேன். "ஏம்மா, வாயில சொல்லமாட்டியா?" என்று கடுப்படித்தார். சொல்ல வராதுங்க. ஊர் நியாயம் எல்லாம் பேசுவேன், பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள்தான். ஆனால் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் பேர் மட்டும் என் வாயில் வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் என் வயசுப் பெண்கள் பாதிப் பேருக்கு அப்படித்தான். "ஏனுங்க" என்றால் அவர் திரும்புவார், அதுவே போதுமாக இருந்தது.

ஒரு வருஷம் ஓடியது. முதலில் ஊரில் எல்லாரும் விசாரித்தார்கள். பிறகு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டு அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வடக்கே ஒரு குடும்பம் வைத்திருப்பான் என்று பாதிப் பேர், போய்ச் சேர்ந்திருப்பான் என்று மீதிப் பேர். மாமியார் வீட்டில் அவர் பேச்சையே எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நான் அழுவேனாம். எனக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே அப்பா எங்கே என்று கேட்கவும் ஒரு ஜீவன் கிடையாது.

கண்ணாலத்துக்குப் போவதுதான் பெரிய பாடு. மண்டபத்து வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்த தட்டோடு ஒரு சின்னப் பெண் நிற்கும். எனக்கு முன்னால் போனவர்களுக்கெல்லாம் தட்டு நீளும். என்னைக் கண்டதும் அது பக்கத்தில் நிற்கும் பெரியவளைத் திரும்பிப் பார்க்கும். அவள் கண்ணைக் காட்டுவாள், பரவாயில்லை நீட்டு என்று. ஒரு விநாடிதான். கழுத்தில் தாலி கிடக்கிறது, கட்டினவன் இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பாவம், அதுகளும் என்ன செய்யும்? ஆனால் அந்த ஒரு விநாடிக்குப் பயந்து நான் கண்ணாலம் காட்சி எல்லாவற்றையும் விட்டேன். ஊரையும் விட்டேன். நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்து, அவர்கள் கொடுத்த லைன் வீட்டில் குடிவந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஆத்தூர்க்காரி. என்னைவிடப் பத்து வயசு சின்னவள், ஒரே ஷெட்டில் வேலை. நாங்கள் 'ஊடு' என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அவள்தான் சபைக்குக் கூப்பிட்டாள். "சும்மா வந்து உக்காருக்கா, கறிச்சோறு போட்டு மதம் மாத்திட மாட்டாங்க" என்றாள். "கறிச்சோறு போட்டா மாறிக்கலாம், அதுவும் போடலைன்னா எதுக்கு வாரது" என்றேன். ஆனாலும் போனேன். ஞாயிற்றுக்கிழமையில் அந்த லைனில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பதைவிட எதுவும் தேவலை என்று இருந்தது.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் பின்னால் தகரக் கொட்டகை. அதுதான் சபை. பாஸ்டர் முன்னால் அதே பட்டறையில் வெல்டராக இருந்தவர், கையெல்லாம் பொறி பட்ட வடு. ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், கீழே பாய். ஒருத்தி நெற்றியிலும் பொட்டு இல்லை, ஒருத்தி தலையிலும் பூ இல்லை, கழுத்து காது மூக்கு எல்லாம் மொட்டை. யாருக்குப் புருஷன் இருக்கிறான், யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் பொட்டும் தாலியுமாக நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விண்ணப்பம் இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினேன். பாஸ்டர் எங்கூட்டுக்காரர் பேரைச் சத்தமாக வாசித்தார். "இந்தச் சகோதரன் எங்கே இருந்தாலும் அவரைக் காத்து, சுகத்தோட வீடு சேர்த்துருங்கப்பா" என்றார். கொட்டகை முழுக்க ஆமென் என்றது. ஒரு வருஷமாக ஒருத்தர் வாயிலும் வராத பேர். நாற்பது பேர் அந்தப் பேருக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். நான் அன்றைக்கு அழுத அழுகை இருக்கிறதே, ஆத்தூர்க்காரி தன் முந்தானையை எடுத்து எனக்குக் கொடுத்தாள், அதுவும் நனைந்துபோயிற்று.

அதற்கப்புறம் வாரம் தவறவில்லை. கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டிருக்கும். விடியற்காலை நாலு மணிக்கே என் வரிசையை முடித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு ஓடுவேன். ஒவ்வொரு வாரமும் அதே சீட்டு. போகப்போகச் சீட்டே வேண்டியதில்லாமல் போயிற்று. பாஸ்டர் அந்த இடத்துக்கு வந்ததும் பேரைத் தானாகச் சொல்லுவார், சின்னப் பிள்ளைகள்கூட "எங்கே இருந்தாலும்" என்று கூடவே முணுமுணுக்கும்.

அதற்காக மட்டும்தான் போனேன் என்றால் பொய். எனக்கு இயேசுவைப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் குலசாமிக்குப் பொங்கல் வைக்கவேண்டும், கெடா வெட்டவேண்டும், ஒரு வருஷம் தவறினால் கோபித்துக்கொள்ளும். இவர் கிழக்கே போகிறவனோடும் நடக்கிறார், மேற்கே போகிறவளோடும் நடக்கிறார், மீன் சுட்டுக் கொடுக்கிறார், செத்துப்போன சிநேகிதன் கல்லறையில் நின்று அழுகிறார். சாமி அழுகிறது என்பதை நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை. தடுமாறாமல் வாசிப்பேன் என்பதால் பெண்கள் கூட்டத்தில் வேதத்தை என்னிடம்தான் கொடுப்பார்கள். பாஸ்டர் வசன எண்ணைத் தப்பாகச் சொன்னால் கீழே இருந்தபடியே திருத்துவேன். "முழுகாத ஆளுக்கு இவ்வளவு வாயா?" என்று அவரே சிரிப்பார்.

ஆனால் மாசத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து உண்டு. அப்பமும் திராட்சை ரசமும் வரிசையாக வரும், முழுகினவர்களுக்கு மட்டும். என் பக்கத்தில் வந்ததும் தட்டு என்னைத் தாண்டி அடுத்தவளுக்குப் போகும். எந்தத் தட்டுக்குப் பயந்து ஓடி வந்தேனோ அதே பாடு. இரண்டாவது மாசமே ஒரு யுக்தி பண்ணினேன். அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போய் எல்லாருக்கும் டீ வைக்க ஆரம்பித்தேன். அப்புறம் டீ என் வேலையாகவே ஆகிவிட்டது. நான் ஊழியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முழுகத் தடை எது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தால் நகையெல்லாம் கழற்றிவிட வேண்டும். தாலியும்தான். "அது வெறும் தங்கம்தானே சகோதரி" என்று பாஸ்டர் வீட்டம்மா அன்பாகத்தான் சொன்னார்கள். "வெறும் தங்கம்னா நானே எப்பவோ வித்துத் தின்னுருப்பேனுங்க" என்றேன். எங்கள் ஊரில் ஒரு பெண் தாலியைக் கழற்றினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். நான் கழற்றினேன் என்று தெரிந்தால் அடுத்த நாளே மாமியார் வீட்டில் அவர் போட்டோவுக்கு மாலை போட்டுவிடுவார்கள். எல்லாரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள் என்றுகூட எனக்குத் தோன்றும். அவரைச் சாகடிக்கிற கை என் கையாக இருக்கக் கூடாது.

வருஷத்துக்கு ஒரு தடவை ஜேடர்பாளையத்தில் காவிரியில் ஞானஸ்நானம். வேன் பிடித்துப் போவோம். தடுப்பணைக்குக் கொஞ்சம் தள்ளி இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடம். அக்கட்டால தள்ளியிருக்கும் கடைகளில் மீன் பொரிக்கிற வாசம் வரும். முழுகி வருகிறவர்களுக்குத் துண்டும் மாற்றுத் துணியும் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பது நான்தான். ஆத்தூர்க்காரி முழுகின வருஷமும் நின்றேன். அவள் தாலியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வெரசா வா, பசிக்குது" என்றான். அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள். நான் துண்டுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தாலியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள எனக்கும் ஓர் ஆள் வேண்டாமா? அன்றைக்கு அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

இந்த வருஷம் புரட்டாசியில் கொழுந்தனார் பண்ணைக்கே வந்தார். உச்சி வெயில். நான் ஷெட்டில் முட்டையை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். "நங்கையா" என்றார். அண்ணன் பொண்டாட்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவரோடு ரயிலேறின அந்த இன்னொருத்தன் பத்து வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, நோயாளியாக ஊர் திரும்பியிருக்கிறான். சாகப்போகிற பயத்தில் கொழுந்தனாரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். ரயிலில் எங்கூட்டுக்காரருக்குக் காய்ச்சல் முற்றி நினைவு தப்பிவிட்டதாம். ஏதோ ஒரு ஊரில் இறக்கிப் பெரியாஸ்பத்திரியில் போட்டானாம். இரண்டாம் நாள் செத்துப்போனார். இவனுக்குப் பாஷை தெரியாது. கொலைக்கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஓடிவிட்டான். ஓடினவன் ஒரு போன் பண்ணியிருக்கலாம், நாசமாய்ப் போகிறவன். கொழுந்தனார் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆஸ்பத்திரியின் பழைய ரெஜிஸ்டரில் ஒட்டியிருந்த போட்டோவை செல்லில் பிடித்து வந்திருந்தார். இடது புருவத்தில் ரிக்கு ராடு பட்ட தழும்பு. அவரேதான். கீழே இந்தியில் ஒரு வரி இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பேர் தெரியாத ஆள் என்று எழுதியிருக்கிறதாம். அவர்களே எரித்துவிட்டார்கள்.

தேதியைக் கேட்டேன். எனக்குப் போன் பண்ணின பதினெட்டாம் நாள்.

கையில் இருந்த முட்டையை அட்டையில் வைத்தேன். அந்த அட்டையை நிரப்பி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பதினோரு வருஷம்! அதில் பத்து வருஷம் செத்துப்போன ஆளுக்குச் சுகம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நாற்பது பேரைக் கூட்டு வைத்துக் கேட்டிருக்கிறேன். அன்று பொழுதோட தனியாக உட்கார்ந்து இயேசுவைக் கேட்டேன். "உனக்குத் தெரியும்தானே? தெரிஞ்சுக்கிட்டே வாரா வாரம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" ஷெட்டில் கோழிகள்தான் கத்திக்கொண்டிருந்தன.

மாமியார் வீட்டில் சடங்குக்கு நாள் பார்த்தார்கள். என் அண்ணன் கோடித் துணியோடு வந்துவிட்டார். அவர்கள் சுற்றி உட்காரும் முன்னால் நானே உள்ளே போய்த் தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டேன். யார் கையும் என் கழுத்தில் படவேண்டாம் என்று இருந்தது. "அதுக்குக்கூட அவசரம் பாரு" என்று ஒருத்தி வெளியே சொன்னது காதில் விழுந்தது. சொல்லிக்கொள்ளட்டும்.

அடுத்த ஞாயிறு சபைக்குப் போனேன். செய்தி அதற்குள் தெரிந்திருந்தது. பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் எப்போதும்போலச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், அவர் பேர் மட்டும். பாஸ்டர் எல்லாச் சீட்டையும் வாசித்தார். அந்த ஒன்றை வாசிக்கவில்லை. எனக்கு ஆறுதல் தரச் சொல்லி ஜெபித்தார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். முடிந்ததும் பக்கத்தில் வந்தார். "கர்த்தர் உங்களைத் தாங்குவார் சகோதரி. இனிமேல் உங்களுக்குத் தடை ஒண்ணும் இல்லீங்களே. வர்ற சனிக்கிழமை ஆத்துக்குப் போறோம்" என்றார். நல்ல மனுசர், என் நன்மைக்குத்தான் சொன்னார். எனக்குப் பளாரென்று கன்னத்தில் விழுந்தது போல இருந்தது. அவரும் போய்விட்டார், அந்தத் தடையும் போய்விட்டது. ஆனாலும் தலையை ஆட்டினேன். எனக்கு வேறே யார் இருக்கிறார்கள்?

சனிக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை எனக்குத் துண்டு பிடிக்க ஆத்தூர்க்காரி நின்றாள். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன். பாஸ்டர் கையை நீட்டினார். அப்போதுதான் கேட்டேன்.

"ஏனுங்க பாஸ்டர், முழுகி எந்திரிச்ச பொறவு அவருக்கு ஜெபம் பண்ணுவீங்களா?"

அவர் கையை இறக்கினார். எனக்காகப் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இல்லீங்க சகோதரி. மரிச்சவங்களுக்காக நாம ஜெபிக்கிறதில்லை. உங்களுக்கே தெரியும்."

தெரியும். எத்தனை தடவை நானே வாய்விட்டு வாசித்துக் காட்டிப் பேசியிருக்கிறேன். மண்ணுக்குப் போனவர்கள் தேவன் கையில், நாம் கேட்க ஒன்றும் இல்லை என்று.

"அப்ப இந்தப் பத்து வருசமும் பண்ணுனது?"

"தெரியாமப் பண்ணுனோம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நான் திரும்பிக் கரையேறிவிட்டேன். பின்னால் நின்ற ஒரு கல்லூரிப் பையன் எனக்கு வழிவிட்டு விலகினான், அவன்தான் அடுத்து முழுகினான். ஆத்தூர்க்காரி துண்டை என் தோளில் போட்டாள். முழங்காலுக்குக் கீழேதான் நனைந்திருந்தது. அதற்குத் துண்டு எதற்கு?

மறுநாள் போகவேண்டாம் என்றுதான் படுத்திருந்தேன். கால் கேட்கவில்லை. போய் என் பாயில் உட்கார்ந்தேன். கழுத்தும் காதும் நெற்றியும் மொட்டையாக, பார்வைக்கு நானும் அவர்களைப் போலவே இருந்தேன். பாட்டு முடிந்தது. சீட்டுகளை வாசித்தார்கள். ஒருத்தி மகளுக்குப் பிரசவம், ஒருவருக்கு இடுப்பு வலி, இன்னொருவருக்கு வேலை. எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். "வேற யாருக்காவது விண்ணப்பம் இருக்குதுங்களா?" என்று பாஸ்டர் கேட்டார்.

எழுந்து நின்றேன். சீட்டு எழுதவில்லை. எழுதினால் வாசிக்கமாட்டார்கள், வாசிக்கவும் கூடாது, அது அவர்கள் விசுவாசம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ரெஜிஸ்டரில் அவர் பேர் இல்லாத ஆளாகக் கிடக்கிறார். இங்கேயும் யாரும் சொல்லாவிட்டால் அப்புறம் எங்கேயும் இல்லை.

கட்டிக்கொண்டு வந்த இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் வாயால் அவர் பேரைச் சொன்னேன். முழுப் பேரையும், அப்பா பேரோடு சேர்த்து. "அவரு எங்கே இருந்தாலும், காப்பாத்துங்கப்பா" என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் சொன்னேன்.